பிரட்டுக்களமும் பிரார்த்தனை வேளையும்: மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிற் கிறித்தவத் தொழிலாளரின் காலம்

காலம் எல்லார்க்கும் பொதுவானது என்பர். ஆயின், ஒரு நாளின் இருபத்துநான்கு மணித்தியாலமும் எல்லார்க்கும் ஒரே வகையிற் சொந்தமாக இருந்ததில்லை என்பதை வரலாறு உணர்த்துகின்றது. தனது நாளைத் தானே பங்கிட்டுக்கொள்ளும் உரிமை வாய்ந்தவன், தொழிலுக்கு இவ்வளவு, உறக்கத்துக்கு இவ்வளவு, வழிபாட்டுக்கு இவ்வளவு என வகுத்துக்கொள்ளலாம். அவ்வுரிமை இல்லாதவனுக்கோ வழிபாட்டு நேரம் பிறரிடம் கேட்டுப் பெறவேண்டியதாகின்றது. பெற இயலாதவிடத்து உறக்கத்திலிருந்தும் உணவு வேளையிலிருந்தும் அதனை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

ஓய்வற்ற வாழ்வினிடையே இறைவனுக்கென நேரம் ஒதுக்குதல் ஒரு தனிமனித ஒழுக்கமாகவே சமயப் போதகர்களாற் பெரும்பாலும் பேசப்பட்டு வந்துள்ளது. மனம் இருந்தால் நேரம் தானே உண்டாகும் என்பது அவர்தம் கருத்து. இக்கருத்து முற்றும் பிழையானதன்று, ஆயினும் முழுமையானதுமன்று. நுவரெலியா, ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் கிறித்தவத் தொழிலாளரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவர்களது நம்பிக்கை எந்த நேரத்தில் வாழ்ந்தது, அந்நேரம் யாருடையதாக இருந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓய்வுநாளும் உழைப்பாளியும்

கிறித்தவ உலகில் ஞாயிற்றுக்கிழமை அரசாணையால் ஓய்வுநாளாக்கப்பட்டது உரோமப் பேரரசன் கொன்ஸ்தாந்தைன் காலத்திலாகும். 321ஆம் ஆண்டில் அவன் பிறப்பித்த ஆணை நீதிமன்றங்களையும் நகரமாந்தரையும் தொழிற்கூடங்களையும் ஞாயிற்றுக்கிழமையில் ஓய்ந்திருக்கப் பணித்தது. ஆயின், அதே ஆணை உழவர்க்கு விலக்களித்தது. விதைப்புக்கும் திராட்சைக்கொடி நடுகைக்கும் ஏற்ற நாள் தவறிவிடலாகாது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணமாகும். ஓய்வுநாள் சட்டமாகிய அன்றே மண்ணில் உழைப்போர் அதன் எல்லைக்கு வெளியே விடப்பட்டனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பயிரின் பருவத்துக்கும் வழிபாட்டின் நாளுக்கும் இடையே எழுந்த இம்முரண்பாடு, பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னர் இலங்கையின் மலைச்சரிவுகளில் மீண்டும் தோன்றுவதை நாம் காணலாம்.

இங்கிலாந்திலும் உழைப்பாளர் சமயம் உழைப்பின் நேரத்தோடு போராடியே வளர்ந்தது. 1739இல் பிரிஸ்டல் நகரையடுத்த கிங்ஸ்வூட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கு வெட்டவெளியிற் பிரசங்கித்த ஜோன் வெஸ்லி, தொழிலாளர் வேலைக்குச் செல்லுமுன்னர் காலை ஐந்து மணிக்குப் பிரசங்கம் நிகழ்த்தும் வழக்கத்தைத் தம் இயக்கத்தின் அடையாளங்களுள் ஒன்றாக்கினார். 1780இல் குளொஸ்டர் நகரில் ரொபேர்ட் ரெயிக்ஸ் ஞாயிறு பாடசாலையைத் தொடங்கியதற்குக் காரணம், வாரத்தின் ஆறு நாளும் ஏழைச் சிறுவர் வேலைக்குச் சென்றமையே. மணிக்கூட்டின் ஆட்சி உழைப்பாளர் வாழ்வை எவ்வாறு மாற்றியது என்பதை ஈ. பி. தொம்சன் என்னும் வரலாற்றாசிரியர் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில் ஆராய்ந்துள்ளார். அவர் ஆராய்ந்தது ஆலைகளின் காலத்தை. தோட்டத்தின் காலமோ ஆலையின் மணிக்கூட்டையும் பயிரின் பருவத்தையும் ஒருங்கே கொண்டதாகும்.

கோப்பிக் காலமும் உபதேசிமாரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களுக்கே வந்தனர். கோப்பி பருவப் பயிராகும். பழம் பறிக்கும் பருவத்தில் மன்னாரை அடுத்த கரைகளில் இறங்கி, காடுகளினூடே நடந்து மாத்தளை வழியாக மலையேறிய மக்கள், பருவம் முடிந்ததும் பெரும்பாலும் தம் ஊர் திரும்பினர். வழியிலும் தோட்டங்களிலும் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். இவர்களுட் சிறுதொகையினர் தென்தமிழகத்திலேயே கிறித்தவத்தைத் தழுவியிருந்தோராவர். சிலர் கத்தோலிக்கர், சிலர் திருநெல்வேலிச் சீமையின் புரட்டஸ்தாந்து சபைகளைச் சேர்ந்தோர்.

1818இல் இலங்கையிற் பணி தொடங்கிய சேர்ச் மிஷனரி சங்கம், 1854இல் தோட்டத் தொழிலாளரிடையே தனியானதொரு மிஷனை ஆரம்பித்தது. அது 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர்பெற்றது. மனிதரை அவர்தம் கூலியாற் சுட்டிய காலத்தின் மனப்பாங்கு அப்பெயரிலேயே பதிந்துள்ளது. திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசிமார் வரவழைக்கப்பட்டனர். அங்கு ஊழியஞ்செய்து தமிழ் கற்றிருந்த செப்டிமஸ் ஹொப்ஸ் என்னும் குருவானவர் மிஷனின் பொறுப்பை ஏற்றார். இம்மிஷனின் அமைப்பிற் சிறப்பானதோர் அம்சம் உண்டு. உபதேசிமாருக்கான செலவைப் பெரிதும் தோட்டத்துரைமாரே சந்தாவாக வழங்கினர். தோட்டத்தின் நேரத்துக்கு அதிபதியான துரையே தொழிலாளரின் சமயபோதனைக்குப் புரவலனாகவும் அமைந்தான். அவன் விரும்பினால் உபதேசியார் பிரட்டுக்களத்திலேயே நின்று பேசலாம். விரும்பாவிடின் தோட்ட எல்லைக்குள் நுழையவும் இயலாது.

உபதேசியார் ஒரு தோட்டத்துக்கு மட்டும் உரியவர் அல்லர். ஒரு மாவட்டத்தின் பல தோட்டங்களைக் கால்நடையாகச் சுற்றி வந்தவர் அவர். பகலில் அவர் வந்தால் ஆண்களும் பெண்களும் மலையில் இருப்பர். ஆதலால் விடியற்காலைப் பிரட்டு வேளையும் இரவு வேளையுமே அவருக்கு வாய்த்தன. எழுத்தறிவு புகட்டும் பணியும் அவரைச் சார்ந்ததே. ஆயின், பருவந்தோறும் வந்துபோகும் மக்களிடையே நிலையானதொரு சபையைக் கட்டியெழுப்புதல் எளிதன்று. இவ்வாண்டு பாடல் கற்றவர் வரும் ஆண்டு வேறொரு தோட்டத்தில் இருப்பார். அல்லது வராமலே போய்விடுவார்.

இக்காலத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் குறிப்பிடத்தக்கது. 1876இல் இலங்கைக்கு வந்த கொழும்பு ஆயர் ரெஜினோல்ட் கோப்பிள்ஸ்டன், கோப்பி மாவட்டங்களில் இம்மிஷன் யாருடைய மேற்பார்வையின் கீழ் இயங்கவேண்டும் என்பது பற்றிச் சேர்ச் மிஷனரி சங்கத்தாருடன் முரண்பட்டார். அவ்வாண்டிலேயே அச்சங்கத்துக் குருமார் பலரின் அனுமதிப் பத்திரங்களை அவர் மீளப் பெற்றார். இவ்விவகாரம் இங்கிலாந்துத் திருச்சபையின் மேலிடம்வரை சென்று, சில ஆண்டுகளின் பின்னரே தணிந்தது. விவாதம் ஆயருக்கும் மிஷனரிமாருக்கும் இடையே நிகழ்ந்தது. துரைமாரும் அதிற் பக்கம் சேர்ந்தனர். யாருடைய ஆன்மநலன் குறித்து விவாதம் எழுந்ததோ, அத்தொழிலாளர் அதில் ஒரு தரப்பாக இருக்கவில்லை. நேரமும் மேய்ப்பும் ஒருங்கே பிறர் கையில் இருந்தன.

துரைமாரின் வழிபாட்டுக்கோ தனியான ஆலயங்கள் எழுந்தன. நுவரெலியாவின் திரித்துவ ஆலயம் 1852இல் அபிஷேகம் செய்யப்பட்டது. டிக்கோயாவின் வார்லி கிறித்து ஆலயம் 1878இல் எழுந்தது. இவற்றில் ஐரோப்பியர் தம் ஓய்வுநாளைக் கழித்தனர். அவ்வாலயங்களிற் பின்னர் தமிழ் ஆராதனைகளும் இடம்பெற்றன. ஆயினும், ஒரே கூரையின் கீழ் வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு மொழிகளில் வழிபாடு நிகழ்ந்தமை, மலைநாட்டுச் சமூகத்தின் பிரிவினைகளை ஆலயமும் தன்னகத்தே கொண்டிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

தேயிலை கொணர்ந்த புதிய நாள்

1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய், இரு தசாப்தங்களுள் கோப்பிச் செய்கையை அழித்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக நோக்கிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானு ஓயாவையும் அடைந்தது. பொருளாதார வரலாற்றில் விரிவாகப் பேசப்படும் இம்மாற்றம், காலத்தின் வரலாற்றிலும் ஒரு பெருந்திருப்பமாகும்.

தேயிலைச் செடிக்குப் பருவ ஓய்வு இல்லை. ஆண்டு முழுவதும் அது துளிர்விடுகின்றது. ஏழு முதற் பத்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலையும் எடுக்கப்படவேண்டும். தவறினால் கொழுந்து முற்றி வங்கியாகிவிடும். ஆதலால் பருவத் தொழிலாளர் நிலைத்த குடிகளாயினர். குடும்பம் குடும்பமாக லயங்களிற் குடியமர்ந்தனர். பெண்களின் விரல்களே கொழுந்தெடுப்புக்கு ஏற்றவை எனக் கருதப்பட்டமையால், மனைவியரும் குமரிகளும் முழுநேரத் தொழிலாளராயினர். இந்நிலைமை கிறித்தவ சபைகளுக்கு இருவகையாற் பயன்பட்டது, இடரும் விளைத்தது. மக்கள் ஓரிடத்தில் நிலைத்தமையால் சபைகள் நிலைத்தன; ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியன ஒரே ஆலயப் பதிவேட்டிற் தலைமுறை தலைமுறையாகப் பதியப்படலாயின. மறுபுறம், ஆண்டில் ஓய்ந்திருக்கும் மாதம் என ஒன்று இல்லாமற் போயிற்று.

தோட்டத்தின் ஒரு நாள் எவ்வாறு அமைந்தது என்பதை நோக்குதல் அவசியம். இருள் பிரியுமுன்னர் தப்பொலியோ கொம்பொலியோ லயங்களை எழுப்பும். அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, தேத்தண்ணி வைத்து, பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவிற் சேர்ப்பித்துப் பிரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். பிரட்டிற் பெயர் கூப்பிடும்போது இல்லாதவருக்கு அன்றைய வேலை இல்லை. கங்காணி மலை பிரித்துக் கொடுப்பார். கொழுந்து நிறுக்கப்படும் வேளைகளிற் கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் இறாத்தல் பதியும். குறித்த நிறை எடுக்காதோர்க்கு 'அரைப்பேர்' விழும். மாலையில் விறகு பொறுக்கி, பீலித்தண்ணீர் சுமந்து, சமைத்து முடிக்கும்போது இரவு வந்துவிடும். இந்நாளின் எந்த மூலையிலும் செபத்துக்கென ஒதுக்கப்பட்ட இடமில்லை.

சட்டங்கள் நாளடைவில் இந்நாளுக்கு எல்லை வகுத்தன. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வாரத்துக்கு ஆறு நாள் வேலை வழங்கும் கடப்பாட்டைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டம், உணவு வேளை உட்பட ஒன்பது மணித்தியாலத்தை ஒரு வேலைநாளாக வரையறுத்தது. சமயத்தை எண்ணி இயற்றப்பட்ட சட்டங்கள் அல்ல இவை. ஆயினும், வேலைநாள் எங்கு முடிகின்றது என்பது எழுத்தில் வரையறுக்கப்பட்ட பின்னரே, அதற்கு அப்பாலுள்ள நேரம் தம்முடையது எனத் தொழிலாளர் கூறத்தக்க நிலை உருவாகியது. இவ்வகையில் நோக்கின், தொழிற்சட்டமும் ஆராதனை நேரத்தின் வரலாற்றில் ஓர் அத்தியாயமாகும்.

ஞாயிறும் கைக்காசும்

ஆறு நாள் வேலை போக எஞ்சியது ஞாயிறு. அந்த ஒரு நாளே துணி துவைத்தற்கும், விறகு சேர்த்தற்கும், கடைவீதி செல்லுதற்கும், நோயாளியைப் பார்த்தற்கும், உறவினரைச் சந்தித்தற்கும் உரியதாயிற்று. ஆலயமோ பெரும்பாலும் நகரிலோ வேறொரு தோட்டத்திலோ அமைந்திருந்தது. மழையிலும் பனியிலும் சில மைல் நடந்து ஆலயம் சென்று மீள்வதற்கு அரைநாள் வேண்டும். ஹட்டன் கடைவீதிக்கு அரிசி வாங்கச் செல்வதும் ஆலயம் செல்வதும் ஒரே பயணமாக அமைந்தமை இதனாலேயே. பக்திக் குறைவு என இதனைக் கொள்வது பொருந்தாது. கிடைத்த ஒரே நாளை இரண்டு தேவைகளுக்குப் பங்கிட்ட சிக்கனம் இது.

கொழுந்து மிகுந்த மாதங்களில் இந்த ஒரு நாளும் உறுதியானதன்று. சித்திரை மழையோடு கொழுந்து பொங்கும். ஆறு நாளில் மலைகள் எடுபடாவிடின் ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கவேண்டியதாகும். அவ்வேலைக்கு மாதக் கணக்கிற் சேராத, நிறைக்கேற்ப வழங்கப்படும் 'கைக்காசு' கிடைத்தது. மாதச் சம்பளம் அரிசிக்கும் முற்பணத்துக்குமாகப் பிடிக்கப்பட்டுப் போன குடும்பத்துக்குக் கைக்காசின் மதிப்பு மிகப் பெரிது. உயிர்த்த ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்பிரல் 25க்கும் இடைப்பட்டே வருவது. அதாவது, கிறித்தவ ஆண்டின் தலையாய திருநாளும் அதனைத் தொடரும் வாரங்களும் கொழுந்து பெருகும் காலத்தை ஒட்டியே அமைகின்றன. ஆலயத்துக்குச் செல்வதா, மலைக்குச் செல்வதா என்ற வினா ஒரு கிறித்தவத் தாய்க்கு இறையியல் வினாவாக மட்டும் இருக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு சட்டைத்துணி, கடைக்காரனுக்கு ஒரு தவணை என்னும் கணக்கும் அதில் அடங்கியிருந்தது.

தேயிலைத் தொழிற்சாலையின் நிலை இதனினும் கடினம். பறித்த கொழுந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக வாடவேண்டும். வாடிய பின் தாமதமின்றி அரைத்து, புளிக்கவைத்து, வறுக்கவேண்டும். ஆகவே சனிக்கிழமை எடுத்த கொழுந்து ஞாயிறு விடியலிலேயே பதத்துக்கு வரும். திரித்துவ ஆலயத்தின் மணி ஒலிக்கும் நேரத்தில் அரைக்கும் இயந்திரமும் சுழன்றுகொண்டிருந்தது. சந்தா வழங்கி உபதேசியாரை வருவித்த துரையும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல இயலாதவனாகவே இருந்தான். இலண்டன் சந்தையின் விலைக்கும் இலையின் இரசாயனத்துக்கும் அவனும் கட்டுப்பட்டவனே. கொன்ஸ்தாந்தைனின் ஆணையில் உழவனுக்கு அளிக்கப்பட்ட விலக்கு, இங்கு சலுகையாகவன்றிக் கட்டாயமாகவே வந்து சேர்ந்தது.

லயத்து இரவுகள்

இத்தகைய நாளிலும் வாரத்திலும் கிறித்தவ நம்பிக்கை எங்கு வாழ்ந்தது? விடை லயத்து இரவிற் கிடைக்கின்றது. புரட்டஸ்தாந்துக் குடும்பங்களில் இராச் சாப்பாட்டுக்குப் பின்னான குடும்ப செபமும், கத்தோலிக்கக் குடும்பங்களிற் செபமாலையுமே அன்றாட வழிபாட்டின் வடிவங்களாயின. குருவானவர் மாதத்தில் ஒருமுறையோ அதனினும் அரிதாகவோதான் தோட்டத்துக்கு வர முடிந்தது. இடைப்பட்ட நாள்களில் உபதேசியாரும், உபதேசியார் இல்லாதவிடத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரும், அவரும் இல்லாதவிடத்து மனப்பாடமாகச் செபங்களை அறிந்த முதியவள் ஒருத்தியும் வழிபாட்டை நடத்தினர். செபமாலையின் சிறப்பு ஈண்டு விளங்கும். அதற்கு எழுத்தறிவு வேண்டா, விளக்கு வேண்டா, ஆலயமும் வேண்டா. குப்பி விளக்கின் மண்ணெண்ணெயைச் சேமிக்க விளக்கணைத்த காம்பராவிலும் அது நடைபெறும்.

லயத்தின் அமைப்பும் இவ்வழிபாட்டின் தன்மையை நிர்ணயித்தது. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையே மெல்லிய சுவர் ஒன்றே உண்டு. செபம் பாடும் ஒலி அடுத்த வீட்டுக்குக் கேளாமல் இராது; அடுத்த வீட்டின் தேவாரமும் மாரியம்மன் தாலாட்டும் இவ்வீட்டுக்குக் கேளாமல் இரா. தோட்டத்து மக்களிற் பெரும்பான்மையினர் இந்துக்கள். கிறித்தவர் சிறுபான்மையினராயினும் அவர்தம் உறவினருள் இந்துக்களும் இருந்தனர். காமன் கூத்துக்கும் அம்மன் திருவிழாவுக்கும் கிடைத்த விடுமுறையைக் கிறித்தவரும் நுகர்ந்தனர்; நத்தார்ப் பலகாரம் லயம் முழுவதும் சென்றது. துரையிடமிருந்து ஒரு விடுமுறை நாளைப் பெறுதல் யாவர்க்கும் பொதுவான வெற்றியாகக் கருதப்பட்டது. சமய வேறுபாட்டைக் கடந்து நேரத்தின் பொதுமை அவர்களை ஒன்றுபடுத்தியது என்பது மிகையாகாது.

இவ்வரலாற்றிற் பெண்களின் பங்கு தனித்துப் பேசப்படவேண்டியது. ஆடவன் மாலையில் வேலை முடிந்து திரும்பியபின் அவனுக்குச் சிறிது ஓய்வு உண்டு. பெண்ணுக்கு இரண்டாவது வேலைநாள் அப்பொழுதே தொடங்கியது. இருப்பினும் குடும்ப செபத்தைத் தவறாது நடத்தியவளும், பிள்ளைகளுக்குச் செபங்களைக் கற்பித்தவளும் அவளே. அவளுக்கென நேரம் இருந்ததால் இது நடைபெறவில்லை. கொழுந்து கிள்ளும் கையோடும் அடுப்பூதும் வாயோடும் செபத்தை அவள் இணைத்துக்கொண்டாள். நேரத்தை ஒதுக்க முடியாதவர்கள் நேரத்தினுள்ளேயே நம்பிக்கையைக் கலந்துவைத்தனர் எனலாம். துறவுமடங்களின் மணியடித்த வழிபாட்டு நேரங்களைப் பற்றி விரிவாக எழுதிய திருச்சபை வரலாறு, இத்தகைய மணியில்லா வழிபாட்டைப் பதிந்துவைக்கவில்லை.

மாறிய நாட்காட்டிகள்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஒன்று உரோமிலிருந்தும் மற்றொன்று கொழும்பிலிருந்தும் வந்தன.

கத்தோலிக்கத் திருச்சபையில் நற்கருணை பெறுவோர் நள்ளிரவு முதல் நீரும் அருந்தாது நோன்பிருத்தல் வேண்டும் என்பது நீண்டகால விதி. திருப்பலியும் முற்பகலுக்கே உரியதாயிருந்தது. பட்டினியோடு மலையேற வேண்டிய தொழிலாளிக்கு வேலைநாளில் இவ்விதி வாயிலை அடைத்ததற்கு ஒப்பாகும். 1953இல் பன்னிரண்டாம் பத்திநாதர் நீர் அருந்துதல் நோன்பை முறிக்காது என அறிவித்து, குறித்த நாள்களில் மாலைத் திருப்பலிக்கும் வழிசெய்தார். 1957இல் நோன்பு மூன்று மணித்தியாலமாகக் குறைக்கப்பட்டு, மாலைத் திருப்பலி நாள்தோறும் நிகழ்த்தத்தக்கதாயிற்று. 1964இல் ஆறாம் சின்னப்பர் நோன்பை ஒரு மணித்தியாலமாக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் வழிபாடும் தாய்மொழிக்கு வந்தது. 1955இல் மே முதலாம் நாள் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக அறிவிக்கப்பட்டமையும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. உழைப்பாளரை ஆலயத்தின் நேரத்துக்கு அழைத்துவந்த திருச்சபை, முதன்முறையாகத் தன் நேரத்தை உழைப்பாளரின் நேரத்துக்கு நகர்த்தியது.

இரண்டாவது மாற்றம் இதற்கு எதிர்த்திசையிற் சென்றது. 1966 ஜனவரி முதல் இலங்கை அரசு ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையை நீக்கி, சந்திரனின் நான்கு பிறைநிலைகளையொட்டிய போயா நாள்களை வார விடுமுறையாக்கியது. குடியேற்ற ஆட்சி புகுத்திய கிறித்தவ நாட்காட்டிக்குப் பதிலாக நாட்டின் பெரும்பான்மையினரது சமய நாட்காட்டியை நிறுவுதல் இதன் நோக்கம். அந்நோக்கின் நியாயத்தை மறுத்தற்கில்லை. ஞாயிறு ஓய்வு உலகப் பொதுவானதன்று என்பதும் உண்மையே. ஆயின், கிறித்தவருக்கு ஞாயிறு வேலைநாளாயிற்று. ஆலயங்கள் தம் ஆராதனை நேரங்களை அதிகாலைக்கும் மாலைக்கும் போயா நாளுக்குமாக மாற்றியமைக்க நேர்ந்தது. வாரத்தின் நீளமும் நிலையற்றதாயிற்று. 1971இல் நிறைவேறிய விடுமுறைச் சட்டத்தின்மூலம் ஞாயிறு மீண்டது. பூரணைப் போயா நாள் மாதாந்த விடுமுறையாக நிலைபெற்றது.

நகரத்து உத்தியோகத்தருக்கு இவ்வைந்தரை ஆண்டுகள் பெருங்குழப்பமாகத் தோன்றின. அதுகாறும் தம் ஞாயிறு தமக்கு உரியது என்பதில் அவர்கள் ஐயுற்றதில்லை. தோட்டத்துக் கிறித்தவருக்கோ வழிபாட்டு நாள் பிறரால் தீர்மானிக்கப்படுதல் புதிய அனுபவமன்று. வேலைக்குமுன் செபித்தலும் வேலைக்குப்பின் கூடுதலும் நூறாண்டாக அவர்கள் பயின்றுவந்த முறைகளாகும். நகரத் திருச்சபை அவ்வாண்டுகளிற் கற்றுக்கொண்ட பாடத்தை மலைநாட்டு லயங்கள் முன்னமே கற்றிருந்தன.

கலைந்த சபைகள்

நேரத்தை வென்ற சபைகளை அரசியல் கலைத்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புதற்கும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்குதற்கும் வகைசெய்தது. ஒரே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற சகோதரரும் சகோதரியரும் இரு நாட்டவராயினர். ஹட்டன் நிலையத்துப் புகைவண்டி மேடை, பிரிவோரின் அழுகையால் நிறைந்ததை மலைநாட்டு எழுத்தாளர் பலர் பதிவு செய்துள்ளனர். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1970களின் நடுப்பகுதியிற் பஞ்சம் லயங்களைத் தாக்கியது. நாளை எந்நாட்டில் இருப்போம் என்பதே தெரியாதவிடத்து, ஞாயிறு எங்கு வழிபடுவோம் என்னும் வினா சிறிதாயிற்று.

இக்காலகட்டத்திலேயே கிறித்தவச் சிந்தனையிலும் ஒரு மாற்றம் தோன்றியது. 1972இல் கண்டியில் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் நிறுவிய சத்தியோதயம், தோட்டத் தொழிலாளரின் சம்பளம், குடியுரிமை, குடியிருப்பு ஆகியவற்றை ஆராய்ந்து அவற்றுக்காகக் குரல் எழுப்பியது. தொழிலாளிக்குச் செபிக்க நேரமில்லை எனக் குறைகூறுவதை விடுத்து, அவனது நேரம் ஏன் அவனிடம் இல்லை என வினவுதலே சமயப் பணி என்னும் நோக்கு இத்தகைய முயற்சிகளிற் புலப்படுகின்றது. 1854இன் மிஷன் துரையின் அனுமதியோடு பிரட்டுக்களத்திற் பிரசங்கித்தது. 1972இன் பணியோ பிரட்டுக்களத்தையே வினாவுக்கு உட்படுத்தியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே மலைநாட்டுக் கிறித்தவத்தின் நூறாண்டு வளர்ச்சியாகும்.

1984இல் ஆண், பெண் இருபாலாரின் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது. 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நாட்பேருக்கு இத்தனை கிலோ என்னும் அளவுகோல் இன்றும் நீங்கவில்லை. இளைஞர் பலர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளின் வீட்டு வேலைக்கும் சென்றுள்ளனர். அங்கு அவர்களது ஓய்வுநாள் வேறு முதலாளியின் கையில் உள்ளது. பிரட்டுக்களம் இடம் மாறியுள்ளதேயன்றி மறைந்துவிடவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் இரு உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, வழிபாட்டு நேரம் மனத்திண்மையால் மட்டும் உண்டாவதன்று. பயிரின் இயல்பு, சந்தையின் தேவை, தொழிற்சட்டம், அரசின் நாட்காட்டி, திருச்சபையின் விதி ஆகிய யாவும் அதனை நிர்ணயித்துள்ளன. இரண்டாவது, இவையனைத்தும் எதிர்த்து நின்றபோதும் நம்பிக்கை அழிந்துவிடவில்லை. ஆலயத்தினின்று காம்பராவுக்கும், குருவிடமிருந்து தாய்க்கும், ஞாயிற்றினின்று நாளிரவுக்கும் அது இடம்பெயர்ந்து வாழ்ந்தது. முதலாவதை மட்டும் கூறின் தொழிலாளர் வெறும் சூழ்நிலைக் கைதிகளாகிவிடுவர். இரண்டாவதை மட்டும் கூறின் அவர்கள்பட்ட இன்னல் ஓர் அழகிய பக்திக்கதையாகச் சுருங்கிவிடும். வரலாறு இரண்டையும் ஒருங்கே பேசுதல் வேண்டும்.

மலைநாட்டு வரலாறு இதுகாறும் சம்பளம், தொழிற்சங்கம், பிரசாவுரிமை ஆகியவற்றை மையமாகக் கொண்டே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அது தேவையானதே. ஆயினும், உழைத்தோர் தமக்கெனக் கொண்டிருந்த சிறுபொழுதுகளின் வரலாறும் எழுதப்படவேண்டும். ஆலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள், உபதேசிமாரின் குறிப்புகள், லயங்களில் எஞ்சியுள்ள முதியோரின் நினைவுகள் ஆகியன அதற்கு மூலங்களாகும். மூன்றாவது மூலம் விரைந்து மறைந்துவருகின்றது. மலைநாட்டிலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவர், தம் பாட்டிமார் எந்த நேரத்திற் செபித்தனர் என வினவிக் குறித்துவைப்பாராயின், எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத ஓர் ஏடு எழுதப்பட்டதாகும்.